தாமதத்தின் கணக்கு

(கோவையில் அறிவியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இந்த அரங்கில் இருந்தால் ஒரு மிரட்டல் அவர்களுக்கு நினைவிருக்கும். தெருநாய் மேல் கல்லெறியும் பிள்ளையிடம் வீட்டில் சொல்வார்கள்: “கடிச்சு வெச்சுதுன்னா தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி, தெரியும்ல?” நாயைவிட ஊசிக்குத்தான் பிள்ளைகள் பயந்தார்கள். பூச்சாண்டிக்கு அடுத்த இடம் அந்த ஊசிக்கு.

ஊசிக்குள் என்ன இருந்தது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. இருந்தது ஆட்டு மூளை. நல்ல ஆடாகப் பார்த்து அதன் மூளைக்குள் ரேபிஸ் கிருமியைச் செலுத்துவார்கள். சில நாளில் ஆடு நடுங்கத் தொடங்கும். கால்கள் செயலிழந்து விழும். அந்தக் கட்டத்தில் அதைக் கொன்று, மூளையை எடுத்து அரைத்து, ஃபீனால் போன்ற ரசாயனத்தால் கிருமியைச் சாகடித்து, அந்தக் கரைசலை நம் வயிற்றில் ஏற்றினார்கள். 1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற ராணுவ மருத்துவர் வகுத்த வழி இது. பக்கத்தில் நம் குன்னூரிலும், 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனத்தில், பல்லாண்டு காலம் ஆட்டு மூளையிலிருந்துதான் ஊசி தயாரானது.

விலங்குகள் மேல் சோதனை செய்வது தர்மமா என்ற தலைப்பைக் கொடுத்துவிட்டு இவர் ஏன் ஊசிக் கதை சொல்கிறார் என்று நீங்கள் நினைக்கலாம். தர்மத்தைப் பொதுவில் பேசினால் எல்லோரும் யோக்கியர்களாகிவிடுகிறோம். அதனால் ஒரே ஊசியைப் பிடித்துக்கொண்டு பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஜீவகாருண்யம் பற்றிப் பேச வந்தவர் சிபிச் சக்கரவர்த்தியை மேடையேற்றாமல் இறங்கக்கூடாது என்பது நம்மூர் வழக்கம். சிபியைத் தாராளமாக அழைக்கலாம். ஆனால் அவன் நம் பக்கம் சாட்சி சொல்ல மாட்டான். புறாவைக் காப்பாற்றத் தன் தொடையை அரிந்து தராசில் வைத்தவன் அவன். ஆய்வகத்தில் நாம் வைப்பது இன்னோர் உயிரின் தொடையை. அறிவியல் வரலாற்றில் சிபிக்கு ஓரளவு கிட்டே வருபவர் வால்டெமர் ஹாஃப்கின். பம்பாயில் பிளேக் பரவிய நேரத்தில், தான் தயாரித்த தடுப்பூசியை 1897 ஜனவரி 10 அன்று தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். அவருக்கும் முன்னால் அந்த ஊசி முயல்களின் உடம்பில் ஏறியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ரேபிஸ் தடுப்பூசிக்கு வழி திறந்த பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டருக்கு வருவோம். 1885 ஜூலை 6. வெறிநாயிடம் கடிபட்ட ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனைத் தாய் பாரிசுக்குக் கூட்டி வருகிறாள். பத்து நாட்களில் 13 ஊசிகள் போடப்பட்டன, பையன் பிழைத்தான். அந்த மருந்து முயல்களின் தண்டுவடத்தை உலர்த்தி எடுத்தது. அதற்கு முன் முயலுக்கு முயல் கிருமியை மாற்றி மாற்றிச் செலுத்தி, அதன் போக்கு மாறாமல் நிலைப்படும்வரை கொண்டுவந்திருந்தார்கள். நாய்களின் மேல் ஆண்டுக்கணக்கில் சோதனைகள் நடந்திருந்தன.

பாஸ்டருக்கு நாயின் மண்டையில் துளையிடும் சங்கதியே பிடிக்காது. அவர் தயங்கிக்கொண்டே இருந்ததால், அவர் இல்லாத நேரத்தில் உதவியாளர் எமில் ரூ அந்த அறுவையைச் செய்து முடித்தார். மறுநாள் பாஸ்டர் அந்த நாயைப் பார்க்கிறார். அது வாலாட்டிக்கொண்டு அறையில் உலவுகிறது. அவருக்கு ஒரே ஆறுதல். அதைத் தடவிக்கொடுத்தார் என்கிறார்கள். பிற்பாடு அந்த நாய் ரேபிஸ் வந்துதான் செத்திருக்கும், அதற்காகத்தானே கிருமியை ஏற்றினார்கள். பாஸ்டரின் இரக்கத்தை நாடகம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த இரக்கத்தால் நாய்க்கு ஆதாயம் ஒன்றுமில்லை என்பதும் உண்மை.

“எதையும் சோதிக்காதே” என்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்த நாய்களையும் முயல்களையும் விட்டுவிட்டிருந்தால் மைஸ்டருக்கு என்ன பதில்? ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாகச் சாவு நிச்சயம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இன்றும் சாகிறார்கள். பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள ஏழைகள். அதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகள். நாய்களும் கூடத்தான் இந்த அறிவால் பிழைத்தன. தடுப்பூசி என்று ஒன்று இல்லாவிட்டால் நாய்க்கு நகராட்சி அறிந்த ஒரே மருத்துவம் கொல்வதுதான்.

மனிதர்களைக் காப்பதற்காக எழுதப்பட்ட ஆவணமே விலங்கை முன்னே தள்ளியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நாஜி மருத்துவர்கள் கைதிகளின் மேல் நடத்திய அட்டூழியங்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றம் 1947-ல் பத்து விதிகளை வகுத்தது. அதில் மூன்றாவது, மனிதர் மேல் செய்யும் சோதனை விலங்குச் சோதனையின் முடிவுகளை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்கிறது. மனிதனைச் சோதனைப் பொருளாக்கிய கொடுமைக்கு நாம் கண்ட மருந்தில் எலியும் முயலும் ஓர் அங்கம். இதை நினைத்து நெளிவதோடு சரி. விதியைத் தூக்கியெறியச் சொல்லும் துணிவு எனக்கில்லை.

சரி, அப்படியென்றால் ஆட்டு மூளை ஊசி நியாயம்தானே? 1911-ல் நியாயம். 1950-லும் நியாயம் என்றே வாதாடுவேன். 1990-ல்?

இங்கேதான் கதை கசக்கிறது. ஆட்டு மூளையில் ரேபிஸ் கிருமி மட்டும் இல்லை, நரம்பை மூடியிருக்கும் மயலின் என்ற பொருளும் இருந்தது. அதைத் திரும்பத் திரும்ப ஏற்றும்போது சிலருடைய உடம்பு அதை எதிரியாகப் பார்த்து, தன் சொந்த நரம்புகளையே தாக்கத் தொடங்கியது. நாய் கடித்ததிலிருந்து தப்பியவர் ஊசியால் கைகால் விளங்காமல் போனார், சிலர் இறந்தார்கள். இது ஏன் நடக்கிறது என்று கண்டுபிடிக்க 1930களில் தாமஸ் ரிவர்ஸ் நியூயார்க்கில் குரங்குகளுக்கு முயல் மூளையைத் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்த்தார். அவற்றுக்கும் அதே நோய் வந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு அந்த வழியில் வந்தது. விலங்குச் சோதனையால் ஒரு பயனும் இல்லை என்று சொல்பவர்களோடு என்னால் நெடுந்தூரம் போக முடியாததற்கு இப்படிப்பட்ட சங்கதிகள் காரணம்.

1970களில் நிலைமை மாறியது. அமெரிக்காவில் விஸ்டார் நிறுவனத்தில் மனித உயிரணுக்களில் கிருமியை வளர்த்து ஒரு தடுப்பூசியை உருவாக்கினார்கள். ஆடும் இல்லை, மூளையும் இல்லை. ஈரானில் வெறிபிடித்த ஓநாய்களும் நாய்களும் குதறிய 45 பேருக்குச் சீரத்தோடு சேர்த்து அதைப் போட்டார்கள். 45 பேரும் பிழைத்தார்கள். 1976-ல் அந்த முடிவு அச்சில் வந்தது. ஓநாய்க்கடி சாதாரணமில்லை, முகத்திலும் தலையிலும் கடித்திருக்கும், பழைய மருந்துகளைப் போட்டும் பலர் சாவது வழக்கம். 1980களில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு மூளைத் திசு ஊசிகளைக் குறைக்க வேண்டும், முடிந்தால் அடியோடு கைவிட வேண்டும் என்று சொல்லிவிட்டது.

இந்தியா அதைக் கைவிட்டது எப்போது? 2004 டிசம்பரில்தான் தயாரிப்பு முழுக்க நின்றது.

நடுவில் கழிந்த இருபது ஆண்டுகளை யோசியுங்கள். புதிய ஊசி நாட்டில் இல்லாமலில்லை. காசுள்ளவர் மருந்துக்கடையில் வாங்கிக் கையில் ஐந்து தடவை போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தார். கூலிக்காரர் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, வேட்டியைத் தளர்த்தி வயிற்றைக் காட்டினார். அதே காலத்தில் தொழுவத்தில் ஆடுகள் கால் விழுந்து கிடந்தன. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: விலை. ஆடு மலிவு. வரிசையில் நின்றவரும் மலிவு. பிராணி நேயர்கள் ஆட்டைப் பற்றி மட்டும் பேசினார்கள், மக்கள் நல மருத்துவர்கள் நோயாளியைப் பற்றி மட்டும் பேசினார்கள். இருவரும் ஒரே கோப்பின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பது என் எண்ணம்.

ஏழை நாட்டில் விலை பார்க்காமல் முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை பக்கத்திலேயே இருந்தது. தாய்லாந்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் மருத்துவர்கள் தசைக்குள் போடும் அளவில் சிறு பங்கை, வெறும் 0.1 மில்லி லிட்டரை, தோலுக்குள் இரண்டு இடத்தில் போட்டால் போதும் என்று 1980களிலேயே காட்டத் தொடங்கினார்கள். ஒரே குப்பியைப் பல பேருக்குப் பகிரலாம். செலவு சரசரவென்று இறங்கும். நம் நாட்டில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது 2006-ல். ஆட்டையும் கூலிக்காரரையும் ஒருசேர விடுவித்திருக்கக்கூடிய வழி, பாங்காக்கில் எழுதி வைத்த காகிதத்தில் கிடந்தது.

இனி சட்டத்தைப் பார்ப்போம். இதில் நமக்கு ஒரு பெருமையும் ஒரு தலைக்குனிவும் உண்டு. ருக்மிணி தேவி அருண்டேலைக் கலாக்ஷேத்ராவின் பரதநாட்டியத்தோடு நிறுத்திவிடுகிறோம். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது பிராணிவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் அவர். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்ன பிறகு மசோதாவைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1960-ன் பிராணிவதைத் தடுப்புச் சட்டம். 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியம் பல பத்தாண்டுகள் சென்னையிலிருந்துதான் இயங்கியது.

அந்தச் சட்டம் சோதனைகளைத் தடை செய்யவில்லை. அறிவை வளர்க்கவும் உயிரைக் காக்கவும் செய்யும் சோதனைகளை வெளிப்படையாக அனுமதித்தது. கூடவே நிபந்தனைகள் வைத்தது: வலிக்கும் அறுவை என்றால் மயக்க மருந்து வேண்டும், கல்லூரிகளில் புத்தகம், மாதிரி உருவம், திரைப்படம் இவற்றால் பாடம் நடக்குமென்றால் விலங்கைத் தொடக்கூடாது, வெறும் கைப்பழக்கத்துக்காகச் சோதனை செய்வதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். 1960-ல் எழுதிய வரிகள் இவை! அதற்குப் பிறகு எத்தனை தலைமுறை விலங்கியல் மாணவர்கள் தவளையை மெழுகுத் தட்டில் மல்லாக்கப் பரப்பி நான்கு காலிலும் குண்டூசி குத்தினார்கள்? பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி டிசெக்‌ஷனைக் குறைக்கச் சொன்னது 2011-ல். நிறுத்தச் சொன்னது 2014-ல். அறுத்தவர்களில் பெரும்பாலோர் பிற்பாடு வங்கியிலும் வருவாய்த் துறையிலும் வேலைக்குப் போனார்கள். தவளையின் சிரை அமைப்பு அங்கே எதற்கும் உதவியிருக்காது.

குரங்குகளின் கதையில் அரசு கொஞ்சம் விறைப்பாக நின்றது. சால்க்கின் போலியோ தடுப்பூசிக்கு ரீசஸ் குரங்குகளின் சிறுநீரகம் தேவைப்பட்டது. 1950களில் வட இந்தியக் காடுகளிலிருந்தும் ஊர்களிலிருந்தும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகள் கூண்டேறின. வழியில் மூச்சுமுட்டிச் செத்தவை ஏராளம். 1955-ல் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. மனித நலனுக்கான மருத்துவ ஆய்வுக்கு மட்டுமே பயன்படுத்துவோம் என்று அமெரிக்கா வாக்குறுதி தந்த பிறகு மறுபடி திறந்தது. 1970களில் உண்மை வெளியே வந்தது. அணுகுண்டுக் கதிர்வீச்சு ஒரு சிப்பாயை எவ்வளவு நேரத்தில் வீழ்த்தும் என்று அறிய, அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் குரங்குகளைக் கதிர்வீச்சில் வாட்டிச் சக்கரத்தில் ஓடவிட்டிருந்தார்கள். மொரார்ஜி தேசாய் அரசு 1978 ஏப்ரல் முதல் ஏற்றுமதியை அடியோடு தடை செய்தது. வாக்கு மீறியதற்குத் தண்டனை என்ற அளவில் எனக்கு அது பிடித்த முடிவு. போலியோ தடுப்பூசி அதனால் நின்றுபோகவில்லை. ஆனால் குரங்கினத்துக்கு விடுதலை கிடைத்ததாகவும் சொல்ல முடியாது. அமெரிக்காவிலேயே பண்ணைகள் முளைத்தன. தென்கிழக்கு ஆசியாவின் நீள்வால் குரங்குகள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தன.

குரங்குகளின் சுமையை உண்மையில் குறைத்தது வேறொன்று. 1962-ல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த உயிரணுக்கள் கண்ணாடிக் குடுவையில் ஓயாமல் பெருகத் தொடங்கின. வெரோ என்று பெயர் வைத்தார்கள். அந்த ஒற்றைக் குரங்கின் உயிரணுக்களில்தான் உலகின் பல தடுப்பூசிகள் இன்று வளர்கின்றன. குன்னூரும் ஆட்டு மூளையை விட்டுவிட்டு வெரோ உயிரணுவில் ரேபிஸ் ஊசி தயாரிக்கத் தொடங்கியது. எத்தனை ஆயிரம் ஆடுகளுக்கும் குரங்குகளுக்கும் அந்த ஒரு விலங்கு பதிலாக நின்றது என்று எண்ணி முடியாது. அதன் பெயரோ, அது எங்கே பிடிபட்டது என்பதோ வரலாற்றில் இல்லை.

இங்கே நிறுத்தினால் கைதட்டிவிட்டுப் போகலாம். ஆனால் இன்றைய சங்கதி ஒன்று பாக்கியிருக்கிறது. ஊசி மாறினாலும் அதன் வீரியத்தைச் சரிபார்க்கும் சோதனை நெடுங்காலம் மாறவில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தின் பெயரால் வழங்கும் சோதனை அது. சுண்டெலிகளைக் குழுக்களாகப் பிரித்து, வெவ்வேறு அளவில் நீர்த்த தடுப்பூசியைப் போடுவார்கள். பிறகு உயிருள்ள ரேபிஸ் கிருமியை அவற்றின் மூளைக்குள் நேரடியாகச் செலுத்தி இரண்டு வாரம் பார்த்திருப்பார்கள். ஒரு தொகுதி மருந்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட எலிகள். கணக்கு வருவதற்கு அவற்றில் ஒரு பங்கு செத்தே ஆக வேண்டும். எல்லாம் பிழைத்தால் சோதனை செல்லாது. இத்தனைக்குப் பிறகும் கிடைக்கும் எண் துல்லியமானதா? அதன் நம்பக வரம்பு, கிடைத்த மதிப்பில் கால் பங்கிலிருந்து நான்கு மடங்குவரை விரிந்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். நகைக்கடையில் இப்படி ஒரு தராசை வைத்தால் ஊரே திரண்டு வரும்.

மாற்று இருக்கிறது. தடுப்பூசியின் பலமெல்லாம் கிருமியின் மேலுறையில் உள்ள கிளைகோ புரதம் ஒன்றில் அடங்கியது. அது எவ்வளவு, சரியான வடிவத்தில் இருக்கிறதா என்பதை எலைசா முறையில் தட்டிலேயே அளக்கலாம். எலியும் வேண்டாம், உயிருள்ள கிருமியைக் கையாளும் ஊழியருக்கு ஆபத்தும் இல்லை. உலகின் பல ஆய்வகங்கள் சேர்ந்து ஒப்பிட்டுப் பார்த்து இதை நிலைநிறுத்தி வருகின்றன. ஆனால் ஒரு நாட்டின் கட்டுப்பாட்டு அலுவலகம் ஏற்றாலும் இன்னொரு நாடு பழைய சோதனைச் சான்றிதழைக் கேட்டால், ஏற்றுமதி செய்பவர் எலியிடமே திரும்ப வேண்டியிருக்கிறது. எலிகள் இன்று சாவது அறியாமையால் என்று யாரும் சொல்ல முடியாது. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்பதற்காகச் சாகின்றன.

செய்ய மனம் வந்தால் செய்யலாம் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. மருந்தில் காய்ச்சல் உண்டாக்கும் மாசு இருக்கிறதா என்று முயலுக்கு ஏற்றிப் பார்க்கும் சோதனைக்குப் பதிலாகக் குழாய்ச் சோதனையை 2018-ன் இந்திய மருந்துத் தரநூல் கொண்டுவந்தது. அழகுசாதனப் பொருட்களை விலங்குகளின் மேல் சோதிப்பதை 2014-லேயே தடை செய்தோம். அதை நான் பெரிய தியாகமாக எண்ணவில்லை. உதட்டுச்சாயத்துக்காக முயலின் கண்ணைக் கெடுப்பது கூடாது என்பதற்கு மாநாடு தேவையில்லை. முயலுக்குப் பதில் வந்த குழாய்ச் சோதனையிலும் ஒரு சிக்கல்: அதன் வேதிப்பொருள் குதிரைலாட நண்டின் நீல ரத்தத்திலிருந்து வருகிறது. முயலை விட்டு நண்டைப் பிடித்தோம். இப்போது அந்த நண்டுப் புரதத்தையும் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் காட்டிய வழியில் செயற்கையாகத் தயாரிக்க முடிகிறது.

உங்களில் பலர் நாளை ஆய்வுக்குப் போவீர்கள். நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு முன் விண்ணப்பம் வைப்பீர்கள். குறைவான விலங்கு, குறைவான வலி, முடிந்தால் விலங்கே வேண்டாம் என்று ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-ல் எழுதிய மூன்று நெறிகளைப் படிவத்தில் அழகாக நிரப்பக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். விண்ணப்பத்தை நிரப்புவதில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். குழுவில் உட்காரும் வெளியாள், விஞ்ஞானி அல்லாத அந்த ஒருவர், கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தச் சோதனையை எந்த ஆண்டில் நிறுத்துவீர்கள்? எது நடந்தால் நிறுத்துவீர்கள்? அதற்கு விடையில்லாத விண்ணப்பத்தை நான் திருப்பி அனுப்புவேன். “இதுவரை இப்படித்தான் செய்தோம்” என்ற வாசகம் ஆட்டு மூளைக்கு இருபது ஆண்டு ஆயுள் கொடுத்தது.

கூட்டம் முடிந்ததும் ஒருவர் வந்து, “ஐயா, நாளைக்கு உங்களைப் பாம்பு கடித்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்கத்தான் போகிறார். இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓடிப்போய் விஷமுறிவு மருந்து போட்டுக்கொள்வேன். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பிலிருந்து எடுத்துத் தரும் விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்தை எடுத்துப் பிரித்த சீரம் அது. 1890களில் கால்மெத் காட்டிய வழிதான், இன்னும் பெரிதாக மாறவில்லை. குதிரைக்குக் கடன்பட்டுக்கொண்டு பிழைத்திருப்பேன். வெட்கப்பட மாட்டேன், ஏனென்றால் இன்று வேறு மருந்தில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தார் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, நாகம், கட்டுவிரியன் குடும்பத்தின் நரம்பு நச்சு வகை ஒன்றை முறிக்கும் எதிர்ப்புரதத்தை ஆய்வகத்திலேயே உருவாக்கி 2024-ல் வெளியிட்டார்கள். எலிகளின் மேல் சோதித்துத்தான். அது முழுமையான மருந்தாக ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில் குதிரைச் சீரம்தான் மலிவு என்று ஒருவர் குறிப்பெழுதுவார். அந்தக் கோப்பு உங்களில் ஒருவருடைய மேசைக்கு வரக்கூடும். எத்தனை நாள் அதை வைத்திருப்பீர்கள் என்பதை நான் கேட்க இருக்க மாட்டேன். உங்கள் கேள்விகளை இப்போது கேளுங்கள்.